ஒரு பெட்டியிலும் அடுப்பு இல்லை

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.
13.01.1980

லண்டன் மாநகரத்து ஹோட்டல் குசினியில் வெங்காயம் நறுக்கி வெள்ளைக்காரரை அழவைத்துக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் தங்கராஜாவுக்கு, நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள சகல பொம்மைக் கட்டடங்களுக்கும் சக்கரவர்த்தியும், சாப்பாட்டுக்காகத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருமாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளுடைய வாய் வலி. மற்றப்படி குறையில்லை.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பதுளைத் தபால் கந்தோரில் அதைத் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில். மூன்று பெட்டிகளையும் பிரித்துக் கட்டிப் பார்த்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதுக் கிழவனுக்கு ஒன்றோடொன்று பொருத்தி வீடு கட்டும் பிளாஸ்டிக் கட்டை என்னத்துக்கு என்று தோட்டமே சிரிக்கிறது. சிரிக்கட்டும். தாஜ்மஹாலைக் கட்டும்போதும் யாரோ சிரித்துத்தான் இருப்பார்கள்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன், உன் லண்டன் கடைக்காரனிடம் மறக்காமல் சொல். அந்தக் கோட்டைப் பெட்டி ஆபாசம். பலாப்பழத்தைப் பிளந்து வைத்ததுபோல ஒரே மஞ்சள். உள்ளே பதினாலு போர்வீரர், ஆளுக்கொரு வாள், ஆனால் சோறாக்க ஓர் அடுப்புக் கிடையாது. கடலை கொறித்துக்கொண்டா சண்டைக்குப் போவார்கள்? சந்திர மண்டலப் பெட்டி அதைவிட மோசம். தலையில் சட்டி கவிழ்த்த இரண்டு பேர் சாம்பல் நிறத் தரையில் நின்று சிரிக்கிறார்கள். சாம்பல் நிறம் பார்க்க நான் சந்திரனுக்கு ஏன் போகவேண்டும்? பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் போதாதா? பட்டணப் பெட்டி பரவாயில்லை என்பேன். ஆனாலும் கவனித்தாயா மருமகனே, அந்தப் பட்டணத்தில் நெருப்பணைக்க ஆள் இருக்கிறது, திருடனைப் பிடிக்க ஆள் இருக்கிறது, ஊசி போட ஆள் இருக்கிறது. குடியிருக்க ஆள் இல்லை. அங்கேயும் அடுப்பு இல்லை.

ஆகையால் உலகத்திலேயே சிறந்த பெட்டி எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது நம் பெரிய துரை பங்களாவில் விட்டுப்போன அந்தத் தேயிலைப் பெட்டிதான். துரையின் பிள்ளைகள் விளையாடிக் கழித்த கட்டைகள், படமும் இல்லை, வழிகாட்டும் கடுதாசியும் இல்லை. நம் இஷ்டத்துக்குக் கட்டலாம். என் சாம்ராஜ்யத்தில் சட்டம் இரண்டே இரண்டு. மூடியில் உள்ள படத்தைப் பார்த்துக் கட்டுகிறவன் கூலிக்காரன். கட்டையில் பசை தடவுகிறவன் கொலைகாரன். ஒட்டிவிட்டால் அதைப் பிறகு வேறொன்றாகக் கட்ட முடியாதே!

பட்டணப் பெட்டியின் தீயணைப்பு நிலையத்தை உடைத்துச் சிவப்புக் கட்டை சேர்த்து, கொழுந்து பறிக்கும் சனங்கள் குடியிருக்கும் நம் மூன்றாம் நம்பர் லயத்தைக் கட்டியிருக்கிறேன். குடும்பத்துக்கு ஒன்றாகப் பத்துக் காம்பிரா, பத்துக் கதவு. ஓரத்தில் நாம் இருக்கும் கிளாக்கர் குவாட்டர்ஸ். துரையின் பெட்டியில் கிடந்த பழைய பொம்மைகளைக் காம்பிராவுக்கு ஒன்றாகக் குடிவைத்தேன். அந்தப் பொம்மைகளுக்குக் கையும் அசையாது, முகமும் கிடையாது, வெறும் மஞ்சள் உருண்டை. நீ அனுப்பியவை சிரிக்கின்றன, ஆனால் லயத்தில் வைத்தால் மேற்பார்வைக்கு வந்தவர்கள்போல இருக்கிறது. உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவரும்போது என் அறை வாசலிலேயே நின்று கோப்பையை நீட்டுகிறாள். மூஞ்சியில்லாத சனங்கள் இருக்கிற இடத்துக்குள்ளே வரமாட்டாளாம்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறேன், பொம்மை லயத்து ஐந்தாம் காம்பிராவுக்குள் ஒற்றைக் குமிழ் வைத்த மூன்று கறுப்பு ஒற்றைக் கட்டைகள். குமிழ் கீழே, குழி மேலே, கவிழ்த்து வைத்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்காது, நீ போன பிறகு வந்த வழக்கம் இது. இந்தியாவுக்குப் பயணம் போகிறவர்கள் காம்பிராவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, கடைசியாக அடுப்புக் கல் மூன்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். யார் தொடங்கினார்களோ தெரியாது. கவிழ்ந்த கல்லைக் கண்டால் அந்தப் பக்கம் நாய்கூடப் போவதில்லை.

உன் அம்மாவின் குறும்பு என்று நினைத்து நிமிர்த்தி வைத்தேன். வெள்ளிக்கிழமை தபால் பையில் ஐந்தாம் காம்பிரா வேலாயிக்கும் அவள் புருஷனுக்கும் நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் நோட்டீஸ் வந்தது.

தற்செயல்தான். என்றாலும், அந்தக் கறுப்புக் கட்டைகள் உன்னுடைய எந்தப் பெட்டியில் இருந்தன என்று ஒரு வரி எழுது. என்னிடம் கறுப்பு ஒற்றைக் கட்டை இருந்ததாக ஞாபகம் இல்லை.

நூறாண்டு வாழ்ந்து, நூறு பெட்டி அனுப்ப ஆசீர்வதிக்கும்,
பொம்மைச் சக்கரவர்த்தி,
வைரவநாதன்


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.
09.03.1980

அன்பு மருமகன் தங்கராஜாவுக்கு மாமா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பெட்டியிலும் கறுப்பு ஒற்றைக் கட்டை ஒன்றுகூடக் கிடையாது, கடைக்கே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. பதுளையில் மொஹிதீன் நானாவின் கடையிலும் கேட்டுப்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளாக்கர் ஐயா, இந்தச் சாமான் கொழும்பிலேயே வராது, நீங்கள் கொஞ்ச நாள் லீவு எடுங்கள் என்றார். லீவு எடுத்தால் இந்தத் தோட்டமல்ல, இந்து சமுத்திரமே வற்றிப்போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலாயி வீட்டார் போய்விட்டார்கள். பிறகு இரண்டாம் காம்பிராவில் கட்டை கவிழ்ந்தது. பாக்கியலெட்சுமிக்கு நோட்டீஸ். பிறகு எட்டு, பிறகு ஒன்பது. ஒவ்வொரு தடவையும் கட்டை முந்திக்கொள்கிறது, தபால் பிந்தி வருகிறது. முகமில்லாத அந்தப் பொம்மைகளை நான் உள்ளே பார்த்தபடி நிறுத்துகிறேன். காலையில் கதவருகே, ரோட்டைப் பார்த்தபடி நிற்கின்றன. முகம் இல்லாததற்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிகிறது, மருமகனே.

பொம்மை அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டும் பார்த்துவிட்டேன். உன் அம்மா மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணுகிறாள். அந்த மொட்டைத் தலைகளோடு எனக்கு என்ன அண்ணே வேலை, உங்களுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்திருந்தால் இந்தப் பைத்தியம் வந்திருக்காது என்கிறாள்.

இனி எழுதுவதை உனக்குள் வைத்துக்கொள். உன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட வரக்கூடாது.

தோட்டத்துச் சனம் இந்தியாவா இலங்கையா என்று கேட்டுப் பிரஜாவுரிமைப் படிவங்கள் வந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். தோட்டம் முழுவதற்கும் நான்தான் நிரப்பினேன். மூன்று நாளில் நாலாயிரம் படிவம் என்று நான் பெருமையடிப்பேனே, நானூறு இருக்கும். வரிசையில் ஆம்பிளைகள்தான் நின்றார்கள். நாடு எது என்று ஒவ்வொருவனையும் கேட்டேன். பெண்சாதியின் பெயரைப் புருஷன் பெயருக்குக் கீழே எழுதினேன். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. உன் அப்பா இந்தியா என்றார். கீழே உன் அம்மாவின் பெயரை, லீலா என்று எழுதினேன். உனக்குப் பதினெட்டு முடிந்திருந்தபடியால் உன்னை என்னோடு சேர்த்து இலங்கை என்று எழுதினேன். உன் அம்மா அப்போது உள்ளே எங்களுக்குத்தான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம் இருக்கும்.

உன் அப்பா பயணம் போகாமலே ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே மண்ணுக்குள் படுத்துவிட்டார். எழுதிய எழுத்து படுக்கவில்லை. பிப்ரவரி இருபதாம் தேதி தபால் பையைத் திறக்கிறேன், லீலா என்று ஒரு நோட்டீஸ். ஏப்ரல் முப்பதுக்குள் போகவேண்டும்.

கொழும்புக்கு மூன்று மனு அனுப்பியிருக்கிறேன். என் இங்கிலீசைக் கண்டு அவர்கள் தோட்டத்தையே எனக்கு எழுதித் தரவேண்டும், அப்படி எழுதியிருக்கிறேன். பதில் வரும். அதுவரை நோட்டீசை நாலாக மடித்துப் பொம்மைக் குவாட்டர்ஸின் கூரைக்குள் வைத்து மூடிவிட்டேன். உன் அம்மா அறைக்குள்ளேயே வராதவள், அதைவிடப் பத்திரமான இடம் இந்தத் தீவில் இல்லை.

அந்த நோட்டீஸ் வருவதற்கு மூன்று நாள் முன்பே பொம்மைக் குவாட்டர்ஸுக்குள் கட்டை கவிழ்ந்துவிட்டது என்பதை நான் எழுதாமலே நீ ஊகித்திருப்பாய்.

தினமும் காலையில் நிமிர்த்துகிறேன். மறுநாள் கவிழ்ந்திருக்கிறது. நேற்று பதுளையிலிருந்து பசை வாங்கிவந்தேன். ஆமாம், பசை. மூன்று கட்டையையும் நிமிர்த்தித் தரையோடு ஒட்டிவிட்டேன். கொலைகாரன் என்று சொல்லு, பரவாயில்லை.

உனக்கும் எனக்கும் கடவுள் துணை இருக்கட்டும்.
மாமா வைரவநாதன்


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.
04.05.1980

மகனே தங்கராஜா,

உன் அம்மா போய்விட்டாள். உயிரோடுதான் போயிருக்கிறாள், பயப்படாதே. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி பதுளை ஸ்டேஷனில் ரயில் கோச்சி ஏற்றிவிட்டேன்.

பசை தோற்றுவிட்டது. காய்ந்த பசை தரையில் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதன் மேலேயே கட்டைகள் கவிழ்ந்திருந்தன. அவற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து, அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. அந்த ஒரு நாளில்தான் எல்லாம் வெளிப்பட்டது. இந்தியா போகும் பயணக்காரர்களின் பெயரை டைப் அடித்துக் கந்தோர் வாசலில் ஒட்டுவது என் வேலை. லீலா என்ற பெயரை விட்டுவிட்டு அடித்திருந்தேன். கங்காணி அதை நோட்டீஸ்களின் கந்தோர்ப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐயா தங்கச்சி பேரை மறந்துவிட்டாரே என்று நல்ல மனதோடு பென்சிலால் எழுதிவிட்டான். பறித்த கொழுந்தை நிறுக்க வந்த பெண்கள் வாசித்துச் சொல்லிவிட்டார்கள்.

அவள் வந்தாள். அறை வாசலில் நிற்கவில்லை, முதல் தடவையாக உள்ளே வந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு காம்பிராவாகக் குனிந்து பார்த்தாள். வேலாயி வீடா இது என்று கேட்டாள். பிறகு சொன்னாள், அன்றைக்கும் என்னைக் கேக்கல, இன்றைக்கும் என்னைக் கேக்கல, நீங்களும் உங்க பொம்மையுமே முடிவு பண்ணிக்கிட்டீங்களா அண்ணே என்று. பொம்மைக் கூரையைத் திறந்து நோட்டீசை எடுத்து அவளிடம் நீட்டினேன். கொழும்பிலிருந்து பதில் வரவேயில்லை.

போகும் அன்று குசினியைக் கூட்டிச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, அடுப்புக் கல் மூன்றையும் அவளே கவிழ்த்தாள். நான் வேண்டாம் என்றேன். ஒரு பெட்டியிலயும் அடுப்பு இல்லேன்னு உலகத்துக்கே சொன்னீங்களே, இருந்த அடுப்பை எத்தனை நாள் திரும்பிப் பார்த்தீங்க என்று சிரித்தாள். குவாட்டர்ஸ் வாசலில் நின்ற முகமில்லாத பொம்மையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சிரிக்கிற பொம்மையைக் கொடுத்தேன், அது நானில்லை என்று வைத்துவிட்டாள்.

அழுகைக் கோச்சி என்று இதற்குப் பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே ஓலம். அவள் மட்டும் அழவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சி நகர்ந்தபோது நான் கூடவே ஓடினேன். கண்ணாடியில் வெயில் அடித்து, மகனே, ஒரு நிமிஷம் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. வெறும் மஞ்சளாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மேசையைப் பார்த்தேன். கட்டைகள் மூன்றும் நிமிர்ந்திருந்தன. அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன். ஐந்து நாள் அப்படியே இருந்தன.

இன்று காலை மறுபடியும் கவிழ்ந்திருக்கின்றன. இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். என்னுடைய பிரஜாவுரிமைக் கடுதாசி மேசை லாச்சிக்குள் பூட்டி இருக்கிறது, எடுத்துத் தடவிப் பார்த்தேன், முத்திரை நன்றாகத்தான் இருக்கிறது. நோட்டீஸ் போட்டு அனுப்பும் பயணம் எனக்கு எதுவும் இல்லை, நோட்டீஸ் இல்லாத பயணம்தான் மிச்சம். ஆனாலும் வழக்கம்போல நிமிர்த்த எனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிப் பெட்டி அனுப்பாதே. கோட்டையும் வேண்டாம், சந்திரனும் வேண்டாம். உன் அம்மா இப்போது மண்டபம் முகாமில் இருப்பாள், விலாசம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். எனக்குப் பதில் எழுத உட்காராதே, முதலில் அவளுக்கு எழுது. அங்கே இருக்க விருப்பமா, உன்னிடம் வர விருப்பமா, அப்பா பக்கத்தில் இங்கே படுக்க விருப்பமா என்று கேள். நீயே நினைத்துக்கொண்டு எழுதாதே. ஒவ்வொன்றாகக் கேள். என்ன பதில் வந்தாலும் அப்படியே செய். நீயாவது அவளைக் கேள், மகனே.

நல்லாயிரு. நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா