முகம் இருக்க வேண்டிய பெட்டி

மே 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. அம்பிட்டிய பஸ்ஸில் நசுங்கி, செருப்பு ஊறி, குடைக்கம்பி ஒன்று முறிந்து. கந்தோருக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள் மனேஜர் இராசநாயகத்தின் கூப்பாடு. (இனி இ.நா. முழுப் பெயரை எழுதப் பொறுமை இல்லை.)

விஷயம்: கொழும்பிலிருந்து சேர்மன் எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிய வெசாக் பண்டிகை வாழ்த்து. தாமரை வடிவ வெளிச்சக்கூட்டின் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு.

"சேர்மன்ர வாழ்த்தையே காட்டாத கொம்பியூட்டர் என்னத்துக்குப் பிள்ளை? உம்மை வேலைக்கு வச்சிருக்கிறது என்னத்துக்கு?"

பார்த்தேன். படங்களை மறிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. இணைப்புச் சரி. மற்ற எல்லாருடைய கணனியிலும் தாமரைக்கூடு ஜெகஜோதியாக எரிகிறது. ஆகவே கோளாறு இவருடைய பெட்டிக்குள்தான். கிண்டிப் பார்க்கலாம் என்று கதிரையை இழுத்தேன், இ.நா.வுக்குக் கொழும்பிலிருந்து ரெலிபோன் கோல். "பிறகு, பிறகு" என்று கையால் விரட்டினார், கோழியை விரட்டுவதுபோல.

ஸ்டோர் யோகநாதன் வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் லீவு எடுக்கிற ஆள் இல்லை.

வாங்க: பாண், மெழுகுதிரி, தலையிடிக் குளிசை. குடை திருத்த.

மே 13, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. குளிசை வாங்க மறந்தேன், இன்று தேவைப்பட்டது.

யோகநாதனின் மனைவி செல்வி வந்தாள், கடுகண்ணாவையிலிருந்து. கண் இரண்டும் வீங்கி.

"நேத்து குட்செட் பஸ் ஸ்டாண்டுல எறங்குனவர அப்புடியே பொலிஸ்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்க அக்கா. கம்பெனி கார்டுல படம் அழிஞ்சு போச்சாம். இவரு இங்கதான் வேல செய்றாருன்னு படம் போட்டு ஒரு காயிதம் குடுத்தா விட்டுருவாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா கொழும்புக்கு அனுப்பிருவாங்களாம்."

கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

இ.நா.விடம் கூட்டிப்போனேன். அவளை இருக்கச் சொல்லவில்லை. ஊழியர் படங்களெல்லாம் கொழும்புப் பாதுகாப்பு அதிகாரியிடமாம், அவர்தான் தரவேண்டுமாம், தான் அவருக்கு மெயில் போடுகிறாராம்.

அவள் வெளியே போனதும் கேட்டேன்: "நீங்கள் ஒரு கையெழுத்து வச்சுத் தந்தால் போதாதோ, சேர்?"

"உமக்கு விளங்காது. வேற ஆளெண்டால் வைப்பன். நானும் தமிழன், அவனும் தமிழன். எனக்கேன் வில்லங்கம்?"

ஒன்பது வருடம் இவருடைய ஸ்டோரைக் கட்டிக் காத்தவன். தன் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில் இவருக்குத்தான் முதல் துண்டு கொண்டுவருவான். மத்தியானம் சாப்பாட்டு நேரம். இ.நா. பக்கத்து அறையில் மீன்தலை உறிஞ்சும் சத்தம்.

மே 14, புதன்

எழுதவே கூசுகிறது.

கொழும்பு மெயில் காலையிலேயே வந்துவிட்டது. இ.நா. திரையில் எதையும் வாசிக்க மாட்டார். எல்லாவற்றையும் அச்சடித்து, பேனையால் கோடு போட்டு வாசிப்பதுதான் வழக்கம். இதையும் அச்சடித்தார். கந்தோர் முத்திரையைக் குத்தினார். கவரில் போட்டு ஒட்டி, செல்வி கையில் கொடுத்தார். சாரதி நசீர் அவளைக் கந்தோர் வானில் பொலிசுக்குக் கொண்டுபோனார்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். தாளைப் பார்த்தேன். யோகநாதனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் வெறும் பெட்டி. கீழே எங்கள் முத்திரை மட்டும் அழகாக, நேராக.

"சார்ஜன் அந்தப் பெட்டியக் காட்டி, 'இதா ஓன்ட புருஷன்?' எண்டு கேட்டுச் சிரிச்சான் மிஸ். மத்தவனுகளயும் கூப்பிட்டுக் காட்டினான்," என்றார் நசீர். "இந்த மனிசன் ஒரு கையெழுத்து வெச்சா கை தேஞ்சா போகும்?"

செல்வி அழவில்லை. தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள்.

"அவரு மூஞ்சி இதுக்குள்ள எங்கயாச்சும் இருக்கா அக்கா?"

இருக்கிறது என்றேன். எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். எந்தத் துணிவில் சொன்னேனோ.

சேர்மனின் வாழ்த்தில் படம் இல்லை என்று அன்றைக்குக் கூப்பாடு போட்டவருக்கு, இதில் ஒரு மனிதனின் முகம் இல்லாதது கண்ணில் படவில்லை. சீ.

மே 15, வியாழன்

வெயில். துணி காய்ந்தது, அது ஒன்றுதான் நல்லது.

கொழும்புக்கு நானே கோல். "இங்கே நன்றாகத் தெரிகிறதே" என்கிறார்கள். மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும் பெட்டி. எனக்கு அனுப்புங்கள் என்றேன், பாதுகாப்பு விஷயமாம், மனேஜர் விலாசத்துக்கு மட்டும்தானாம். ஃபேக்ஸில் எடுத்தேன், முகம் முழுக்கக் கறுப்பு மை.

இ.நா.வின் கணனியில் ஒரு பத்து நிமிஷம் இருக்கவிடுங்கள் என்று கேட்டேன்.

"என்ர சொந்த மெயிலெல்லாம் கிடக்கு, பிள்ளை."

கெஞ்சினேன். நாளைக்கு வெள்ளி என்றேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மூளை வேலை செய்தது.

"சேர்மன்ர வாழ்த்தைச் சரியாக்கித் தாறன், சேர்."

உடனே எழும்பி, கதிரையைத் தானே தள்ளிவிட்டார். "ஓம் ஓம், அதைச் செய்யும் முதல். பதில் போடேல்லை எண்டு நினைக்கப்போறார்."

உள்ளே கிண்டினேன். மெயிலோடு வரும் படங்களை இந்த மென்பொருள் ஒரு கோப்புறையில் போட்டுவைக்கும். அது கண்ணில் படாது, விலாசம் தெரிந்தால்தான் போகலாம். திறந்தால் குப்பைமேடு. அவருக்கு வந்ததும் அவர் ஊர் முழுக்க அனுப்பியதுமாய்: தாமரை, தெப்பக்குளம், கிரிக்கெட் கிண்ணம், நாய்க்குட்டி, "இனிய காலை", சேர்மன் பேரப்பிள்ளையின் முதலாவது பல். எல்லாம் ஒரே பெயரில், பின்னால் இலக்கம் மட்டும் ஏறி ஏறி. அந்தப் பெயரில் இனி ஒன்றுக்கும் இடமில்லை என்ற எல்லை வந்ததும், புதிதாக வந்த படம் எதுவும் திறக்கவில்லை. அவ்வளவுதான் கோளாறு. பல்லுக்கும் நாய்க்குட்டிக்கும் இடம் கொடுத்து யோகநாதனை வெளியே நிறுத்தியிருக்கிறது.

முழுவதையும் அழித்தேன். மெயிலை மூடித் திறந்தேன். வாழ்த்தை அல்ல, மற்றதை.

வந்தான். இடது காது கொஞ்சம் வெளியே தள்ளி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டி.

"தாமரைக்கூடு தெரியுதோ?" என்றார் இ.நா. பின்னாலிருந்து.

அச்சடித்து நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். நசீர் வானை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

மே 16, வெள்ளி

விட்டுவிட்டார்கள். மத்தியானம்.

நசீர்: "ஆள் முழுசா ஈக்கிறாரு மிஸ். வலது கையத்தான் தூக்க ஏலாம ஈக்கி." வானில் கடுகண்ணாவைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார், கேட்காமலே.

பின்னேரம் செல்வியின் கோல். நன்றி என்றாள். இனி அவர் வேலைக்கு வரமாட்டார் என்றும் சொன்னாள்.

இ.நா. கொழும்புக்கு எழுதிய மெயிலை வழக்கம்போல அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினார்: "எனது உடனடி முயற்சியினால்..." அதற்கு மேல் வாசிக்கவில்லை. கை கழுவினேன், எதையும் தொடாமலே.

மே 17, சனி

அரைநாள். மறுபடி மழை. தெரு முழுக்க வெசாக் கூட்டுக்கு மூங்கில் கட்டுகிறார்கள்.

பதினொரு மணிபோல இ.நா. என் மேசைக்கே வந்தார். இதுவரை வந்ததில்லை.

"பிள்ளை, உம்மட படத்தையும் புதுசா எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடும். முன்கூட்டியே. நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

"உங்கட படம், சேர்?"

"எனக்கேன்? நான் மனேஜரெல்லோ."

போய்விட்டார். நான் பையைக் கட்டும் நேரம் திரும்பி வந்தார். கதவை மெல்லச் சாத்தினார். பேர்சிலிருந்து தன்னுடைய படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பழையது, மூலை மடங்கியது. நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. கந்தோரில் ஒருநாளும் கண்டிராத நெற்றி.

"இதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பும். திங்கள் வெசாக், ரோட்டெல்லாம் செக்கிங் கூடப்போகுது." குரல் இறங்கியது. "கொம்பியூட்டரில அந்த நெத்தியை மட்டும் அழிக்கலாமாம் எண்டு கேள்விப்பட்டன். அழிச்சு விடுவீரோ, பிள்ளை?"

படத்தை என் பக்கம் தள்ளினார். பாவம் என்று வரவில்லை எனக்கு. வரவேண்டும் என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தேன்.

அழிப்பது சின்ன வேலை. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.