பாக்கி இல்லை என்று எழுதிக் கொடு

மார்ச் 4, புதன்
இன்றும் வந்தான் அந்தக் கடன் வசூல்காரன்; கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் நான் வைத்த பேர் கூலிங்கிளாஸ். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆள் போயிட்டா கடனும் போயிடுமா?" என்றான்.

என் புருஷன் கண்ணை மூடின மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் வந்து நின்றவனும் இவன்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வளையலை விற்று வைத்திருந்தேன். அந்தப் பணத்துக்கு வேலை வைக்காமல் அவர் போய்விட்டார். அவர் வேன் வாங்கின கடன் இதோடு தீர்ந்தது என்று சொல்லி, அத்தனையையும் இவன் கையில் கொடுத்தேன். பணம் வாங்கினதற்குச் சீட்டு கேட்க வாயெடுத்தேன். அண்ணன்தான், "துக்க வீட்ல கணக்குப் பேசாத, நல்லா இருக்காது" என்று அடக்கினான்.

இப்போது இவன், "அது வட்டிக்கே போச்சும்மா" என்கிறான்.

"எழுதிக் குடு."

"என்னத்த?"

"வட்டிக்குப் போச்சுன்னு."

சிரித்துக்கொண்டே போனான். எழுத மாட்டான். எழுதினால் மாட்டிக்கொள்வான்.

மார்ச் 5, வியாழன்
செத்த மனுஷனைக் கடன்காரன் என்று சொல்ல விடுவேனா நான்?

மார்ச் 6, வெள்ளி
சலவைக் கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு கடன் கொடுத்தவர்கள் ஆபீசுக்குப் போனேன். ஒரு கைக்குட்டை தேய்க்கக் கொடுத்தாலும் எங்கள் கடையில் சீட்டு உண்டு. கைக்குட்டைக்கு இருக்கிற மரியாதை என் புருஷன் பெயருக்கு இல்லையா?

யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "குடுத்ததுக்கு சாட்சி இருக்கா?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு
அண்ணன் வீடு. "நமக்கெதுக்கும்மா பொல்லாப்பு" என்று இழுத்தான்.

"அன்னைக்கு என் வாய மூடினது நீ. இப்ப நீ வாயத் திற."

அடுப்படியிலிருந்து அண்ணி, "போய்ட்டுதான் வாங்களேன். வீட்ல மட்டும் என்ன வாய்" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்
அண்ணன் என்னோடு ஆபீசுக்கு வந்தான். இந்த முறை இழுக்காமல் சொன்னான்: "என் கண்ணு முன்னாடிதான் குடுத்தா. முழுசா தீர்ந்துச்சுன்னு இவரும் தலைய ஆட்டினாரு." கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"பாத்துட்டு சொல்றோம், நாளைக்கு வாங்க" என்றார் மேனேஜர். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் தவணை கட்ட வந்த பழவண்டிக்காரர். "இதுவரைக்கும் கட்டினதுக்கு சீட்டு வாங்கினீங்களாண்ணே?" என்று கேட்டு வைத்தேன். யோசித்தார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, "எனக்கும்தான் தரல" என்றாள். பேச்சு வரிசையில் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனது. மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். "முதல்ல இந்தம்மாவுக்கு எழுதிக் குடுத்து அனுப்பு."

ஆபீஸ் கிறுக்கலை எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் எழுதின ஆபீஸ் பெண்ணையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

"தவணை பெறப்பட்டது."

"பாக்கி இல்லைன்னு எங்கேம்மா இருக்கு?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூலிங்கிளாஸைப் பார்த்தார். வேறு தாள் எடுத்தார்கள். 'கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. பாக்கி இல்லை.' கையெழுத்து, முத்திரை. அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 11, புதன்
கோபம் இருந்தவரை அழுகை தள்ளி நின்றதோ என்னவோ. இன்று கடையில் யாருடைய சட்டையையோ தேய்க்கும்போது வந்துவிட்டது. சட்டை நனைந்தது. திரும்பவும் தேய்த்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
வீட்டுக்கார அம்மா வாடகை வாங்க வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுத் தாள் தந்ததில்லை. இன்று பணத்தை எண்ணிவிட்டு, நான் கேட்காமலே, "பேனா இருந்தா குடும்மா, நீ எப்படியும் விட மாட்ட" என்றார்.

கொடுத்தேன்.

"யார் பேர்ல எழுத?"

வீட்டை வாடகைக்குப் பிடித்தது என் புருஷன் பேரில். 

"என் பேர்ல" என்றேன்.