கீரப்பாளையத்தில் இறங்கியவன்

சிதம்பரம்
12.2.2025

மதிப்பிற்குரிய சார்லஸ் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராஜாமணி. ரயிலடிப் பக்கம் போன மாதம் நாய்களை ஏற்ற வந்தீர்களே, அந்தச் சந்தில் கடைசி வீடு. வண்டியில் எழுதியிருந்த கடலூர் காப்பக விலாசத்துக்கு இதைப் போடுகிறேன். இந்தக் காலத்தில் கடுதாசி எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்குக் காது கேட்காது. பெண்கள் விடுதிச் சமையற்கட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கிரைண்டர் பாதிக் காதை வாங்கிக்கொண்டது, மீதியை வயசு வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கயல்விழி போனில் பேசித் தருகிறேன் என்கிறாள். அவள் பேச ஆரம்பித்தால் அவள் மாமியார் கதையில்தான் போய் முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கருத்தடை ஆபரேஷனுக்கு எங்கள் தெருவிலிருந்து ஐந்து நாய்களைக் கொண்டுபோனீர்கள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நான்கைத் திரும்ப விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஆபரேஷன் ஆன அடையாளமாகக் காது நுனியில் வெட்டோடு அவை சௌக்கியமாகத் திரிகின்றன. ஐந்தாவது வரவில்லை. அது என் நாய். செவலை நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. பெயர் தாசில்தார். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருப்பான். யார் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டான், நாம்தான் அவனிடம் போக வேண்டும். நீங்களும் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்ப்பவராமே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் மட்டும் அவன் அப்படி இல்லை. பால்காரர் வந்தால், சிலிண்டர் வந்தால் உள்ளே ஓடிவந்து மூக்கால் என் முழங்காலை முட்டுவான். ரோட்டில் பின்னால் வண்டி வந்தாலும் முட்டுவான், நான் ஒதுங்கிக்கொள்வேன். யாரும் பழக்கவில்லை. என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எனக்கு யாராவது எதையாவது சொன்னார்கள் என்றால் அது இவன்தான்.

உங்கள் ஆட்கள் வலைக்கு அவன் சிக்கவில்லை. நான்தான் பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தேன். நீங்கள் என் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொன்னீர்கள்: "பயப்படாதீங்கம்மா. புடிச்ச எடத்துலயே கொண்டாந்து வுடணும்னு சட்டமே இருக்கு. ஒரு வாரத்துல வந்துடுவான்." உங்கள் உதட்டைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டேன்.

பதினேழு நாள் ஆகிறது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். செத்துப்போயிருந்தாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சா. ராஜாமணி


கடலூர்
17.2.2025

அன்புள்ள ராஜாமணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாசில்தார் நன்றாக இருக்கிறான். தையல் போட்ட இடம் சரியாக ஆறவில்லை என்று டாக்டர் நிறுத்தி வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரம் ஆகலாம். முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு.

அவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படிக் கூப்பிட்டால் வருவான் என்று எழுதினால் இங்கே பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

நான் கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. ஆபீஸில் எழுதுவதெல்லாம் கடிதமா? மனைவியும் மகளும் திருச்சியில் இருக்கிறார்கள். ஐந்து வருஷமாக அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார முடியாமல்தான் இந்த வண்டி ஓட்டும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூண்டில் நாலு நாய் குரைத்தால் மனசுக்கு நன்றாக இருக்கிறது.

கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
சார்லஸ்


சிதம்பரம்
24.2.2025

அன்புள்ள சார்லஸ் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நன்றாக இருக்கிறான் என்ற வரியை மட்டும் அதற்கு மேலும் படித்தேன்.

அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டும். தயிர் ஆகாது. ரொட்டி போட்டால் நம்மைக் கேவலமாகப் பார்ப்பான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வர மாட்டான், அலுமினியத் தட்டைத் தரையில் தட்டினால் எங்கிருந்தாலும் வருவான். எனக்குத்தான் அந்தச் சத்தம் கேட்காது, அவனுக்குக் கேட்கும். கயல்விழி வீட்டுக்காரர் கோர்ட் வேலையாகக் கடலூர் வருகிறார். அவரிடம் தட்டையே கொடுத்தனுப்பியிருக்கிறேன். தன் தட்டில் போட்டால் நாலு வாய் கூடச் சாப்பிடுவான், புண்ணும் சீக்கிரம் ஆறும்.

நேற்று மேல வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பி, "செவுடா நீ?" என்று கத்தினான். ஆமாம் என்றேன். வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். இதை உங்களை அவசரப்படுத்த எழுதவில்லை. கொஞ்சம் அவசரப்படுத்தவும்தான்.

மகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்களேன். எனக்கு எழுத வருகிறதே.

அன்புடன்,
ராஜாமணி


சிதம்பரம்
18.3.2025

சார்லஸ் தம்பிக்கு,

ஒன்பதாம் தேதி நீங்களே வந்து நாயை விட்டுவிட்டுப் போனதற்கு நன்றி. ஒரு டம்ளர் மோராவது குடித்திருக்கலாம். வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டீர்கள்.

ஆபரேஷன் ஆனால் குணம் கொஞ்சம் மாறும், பழசு மறந்துகூடப் போகும் என்று சொன்னீர்கள். சரி. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். ரொட்டிகூடச் சாப்பிடுகிறான். வாசலை விட்டு நகர்வதில்லை.

தட்டை மட்டும் நீங்கள் திருப்பித் தரவில்லை. எங்கே அது?

ராஜாமணி


கடலூர்
21.4.2025

அன்புள்ள அம்மா,

தட்டு என்னிடம்தான் இருக்கிறது. எங்கே என்று நீங்கள் கேட்ட நாளிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது தாசில்தார் இல்லை. காப்பகத்தில் மூன்று வருஷமாக யாரும் கேட்காமல் கிடந்த நாய் அது. நிறம் ஒன்றாக இருந்தது, காலில் வெள்ளையும் இருந்தது. தையல் ஆறவில்லை என்று எழுதியதும் பொய்.

நடந்தது இதுதான். ஆபரேஷன் முடிந்த நாய் ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் போட்ட துணி கட்டியிருப்போம். எந்த எண் எந்தத் தெரு என்று பதிவேட்டில் இருக்கும். உங்கள் தெரு நாய்களைத் திரும்பக் கொண்டுவந்த அன்றைக்குப் புவனகிரி தாண்டிக் கீரப்பாளையத்தில் நிறுத்தி அந்த ஊர் நாய்களை இறக்கினேன். உங்கள் நாயின் கழுத்தில் துணி இல்லை, அவிழ்ந்து விழுந்திருந்தது. பதிவேடு சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். நாலு மணிக்கு மகள் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம். இதுவும் இந்த ஊர் நாய்தான் என்று நானே முடிவு கட்டி இறக்கிவிட்டேன். வண்டி கிளம்பும்போது அது கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தது. எல்லா நாயும் ஓடிவருவதுதானே என்று நினைத்தேன். மகள் அன்றைக்குப் போன் செய்யவில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கீரப்பாளையம் போகிறேன். தட்டு வந்ததிலிருந்து அதைத் தெருத்தெருவாகத் தட்டிக்கொண்டு போகிறேன். ஈயம் பூச வந்தவன் என்று நினைத்து ஒரு அம்மா அண்டாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். போன ஞாயிறு அவனைப் பார்த்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் தில்லையம்மாள் என்பவர் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அந்த பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தான். தட்டைத் தட்டினேன். எழுந்துவந்து முகர்ந்து பார்த்தான். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் பழையபடி போய்ப் படுத்துக்கொண்டான்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த நாளே பிடித்துக்கொண்டு வந்து விடுகிறேன். என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை.

சார்லஸ்


சிதம்பரம்
4.5.2025

சார்லஸ்,

வண்டிக் கதவை நீ திறந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தாசில்தாரின் வெள்ளை கணுக்கால் வரைக்கும்தான். இவனுக்கு முழங்கால் வரை ஏறியிருக்கிறது. காது போனவளுக்குக் கண்ணும் போயிருக்கும் என்று நினைத்தாய் பார், அதில்தான் எனக்கு ஆத்திரம். நாய் தொலைந்ததில்கூட இவ்வளவு இல்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை என்றால், "தாசில்தாரு வந்துட்டாரும்மா" என்று சொன்னபோது உன் உதடு நடுங்கியது. உதட்டைப் பார்த்துப் பிழைப்பவள் நான், அது எனக்குத் தப்புமா? இந்த நாயோ எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. அதைத் திரும்ப ஏற்றச் சொல்ல மனசு வரவில்லை. தாசில்தார் பதவி காலியாகத்தான் இருக்கிறது, அதை இவனுக்குத் தர முடியாது. தலையாரி என்று பேர் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் தெருவே அதிரக் குரைக்கிறானாம், கயல்விழி சொல்கிறாள். எனக்கு அதனால் என்ன பிரயோசனம்? முழங்காலை ஒரு தடவைகூட முட்டியதில்லை.

வியாழக்கிழமை டவுன் பஸ் பிடித்துத் தனியாகக் கீரப்பாளையம் போனேன். பையில் கயிறு எடுத்துப் போனேன். நீ சொன்ன பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான், சார்லஸ். நான் கூப்பிடவே இல்லை. புடவையை முகர்ந்தான், பிஸ்கட் கொடுத்த கையை முகர்ந்தான், என் காலின் மேல் படுத்துவிட்டான். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தில்லையம்மாளுக்கு வாய் நிறைய வெற்றிலை, என்ன சொன்னாள் என்று புரியவில்லை. கையைக் காட்டித்தான் புரியவைத்தாள், வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போ என்று. அவள் கண் கலங்கியிருந்தது.

கயிற்றை வெளியே எடுத்தேன். அப்போது முழங்காலில் முட்டினான். கொஞ்சுகிறான் என்று நினைத்தேன். மறுபடி முட்டினான். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் சிதம்பரம் பஸ் வந்து நிற்கிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டான். ஒருமுறை பிடித்துக் கொடுத்தவள் நான். இன்னொரு முறை அவன் கழுத்தில் கை வைக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன். சிதம்பரம் வரும்வரை அழுதேன். கண்டக்டர் என்னவோ கேட்டார், காது கேட்காது என்று கையைக் காட்டிவிட்டேன்.

அவனைப் பிடிக்க வேண்டாம். இனிக் கீரப்பாளையத்துக்குத் தட்டோடு போகவும் வேண்டாம். தட்டை இங்கே கொண்டுவந்து கொடு, தலையாரி பழைய மூடியில் சாப்பிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். கதவைத் தட்டாதே, எனக்குக் கேட்காது, சொல்லவும் இங்கே ஆளில்லை. பத்து மணியிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ராஜாமணி