தோசைக்கல்லில் ஆண்டீஸ் மலை

மாமா,

காலையில் அத்தை நெய்யில் திராட்சையைப் போட்டாள். அந்த வாசனைக்கு, கிளம்பிய பஸ்ஸின் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நான் உங்களைத் தேடித் திரும்பினேன். நீங்கள் போய்விட்டது மூளைக்குத் தெரியும். கழுத்துக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஒன்பதாவது படித்த வருஷம்தான் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நம் கடைக்கு எதிரே ஃபேன் போட்ட ஓட்டல் வந்தது. ஒகேனக்கல் போகிற பெங்களூர்க்காரர்கள் காற்று வாங்க அங்கே போனார்கள். நமக்கு ஈதான் வாடிக்கை. "கடைய மூடிட்டு பெங்களூர்ல எவன் ஓட்டல்லயாவது மாவாட்டப் போறேன்" என்றீர்கள். அத்தை அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. அவள் திட்டாத நாள் எவ்வளவு மோசமான நாள் என்று நமக்குத் தெரியும்.

எனக்கு மறுநாள் புவியியல் பரீட்சை. பாடத்தில் அர்ஜென்டினா, அதில் மெண்டோசா என்று ஒரு மாகாணம். இப்படி ஒரு பெயரைப் பார்த்துவிட்டு ஒழுங்காகப் படிக்க நான் என்ன நல்ல பையனா? கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதினேன்: "ஆண்டீஸ் மலை மென் தோசா, சூடாகக் கிடைக்கும்."

அடுத்த பஸ்ஸில் இறங்கியவர்கள் அதைத்தான் கேட்டார்கள். நீங்கள் என் காதைப் பிடித்து உள்ளே இழுத்தீர்கள்.

"என்னடா இது மென் தோசா?"

"ஊருங்க மாமா. மெண்டோசா. ஆண்டீஸ் மலையில இருக்குது."

"ஆண்டிங்க மலையா? பழனிப் பக்கமா?"

"தென் அமெரிக்காங்க."

"அங்கயும் போயிட்டானா முருகன்" என்று, காதை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

அன்று தோசை மெத்தென்று வந்தது. மேலே உருளைக்கிழங்கு மலை, உச்சியில் தேங்காய்த் துருவல் பனி. அந்த ஊருக்குத் திராட்சைத் தோட்டம்தான் பிழைப்பு என்றதால் ஓரத்தில் திராட்சை. அதில் ஒயின் செய்கிறார்கள் என்ற தகவலை மட்டும் அத்தை தணிக்கை செய்துவிட்டாள். பரிமாறும்போது நீங்களே ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தீர்கள்.

"அறுவடைத் திருவிழாவுல ராணி ஒருத்தியத் தேர்ந்தெடுப்பாங்களாம். அதப் பாக்கவே ஜனம் போவுமாம். நம்மூர் மாங்கா சீசனுக்கு வெச்சா எங்க வூட்டுக்காரிதான் ராணி."

"ராஜா, அங்க தோசை தீயுது" என்றாள் அத்தை.

எதிர் ஓட்டல் 'அர்ஜென்டினா பரோட்டா' போட்டுப் பார்த்தது. எடுபடவில்லை. கடையை மூடும் பேச்சு நின்றது.

ஒன்றுக்கு மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. மெண்டோசாவில் மழை அபூர்வம். மலைப்பனி உருகி வாய்க்காலில் தெருத்தெருவாக ஓடுகிறது, மரங்கள் அதைக் குடித்தே நிற்கின்றன என்று படித்துக் காட்டினேன். "நெசமா?" என்று மறுபடி மறுபடி கேட்டீர்கள். "காவேரி இங்க பக்கத்துல வந்து விழுவுது. நாம குடத்தத் தூக்கிக்கிட்டு கெணறு கெணறா அலையறோம். ஊரப் பத்திச் சொல்றதுல பொய் கலக்காத மாப்ள. கேக்கறவன் வூட்டுக்குப் போயி யோசிக்கணும்."

கடைசிவரை நீங்கள் யார் ஓட்டலிலும் மாவாட்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் உங்கள் கல்லாவில்தான். இப்போது கல் அத்தையிடம், கதை என்னிடம். எந்த வாத்தியாரும் நம்பாத வாய் இது. கடையில் மட்டும் லைப்ரரியில் சரிபார்த்துவிட்டுத்தான் திறக்கிறது. ஆசியாவுக்கு வெளியே அந்த ஊர் அக்கோன்காகுவா மலையை விட உயர்ந்த சிகரம் இல்லை என்கிறேன். மனிதன் கட்டாத கல்பாலம் ஒன்று, பக்கத்தில் வெந்நீர் ஊற்று, மண்ணுக்கடியில் எண்ணெய் என்கிறேன். வாய்க்கால் கதையைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

நேற்று ஓர் ஓசூர்க்காரர் வாய் நிறையத் தோசையோடு கேட்டார்: "இதெல்லாம் நெசமாப்பா?"

"எல்லாம் நெசங்க. நீங்க சாப்பிடறது மட்டுந்தான் பொய்."

அத்தை சிரித்துவிட்டாள் மாமா. நீங்கள் போனபிறகு முதல் தடவையாக.