தண்ணீர்க் கப்பலுக்கு ஒரு ‘வேண்டாம்’

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தண்ணீர்க் கப்பலை முதல் அத்தியாயத்திலேயே வெடிக்க வைக்கப் போகிறார்களாம், ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல், அதுவும் நம்ம குழுவிலேயே ஓட்டெடுத்து!!!

நாம் எல்லோரும் ஆன்லைனில் சேர்ந்து கட்டும் கதையைத்தான் சொல்கிறேன். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் விண்கப்பல் கூட்டத்தை ஆணி ஆணியாக யோசித்தோமே, யார் எங்கே தூங்குவது, கழிவறைத் தண்ணீர் எங்கே போவது என்பது வரைக்கும் சண்டை போட்டு முடிவு செய்தோமே, அதில் உன் கப்பலுக்குத்தான் இந்தக் கதி. கிளப்பிவிட்டது, நாம ‘மேப்பு’ன்னு கூப்பிடுற அந்தப் பையன்தான். பாதை வரைபடம் போட ஆரம்பித்ததிலிருந்தே அவனுக்குத் தலைக்கனம். “தொடக்கத்துலயே ஒரு அடி விழணும்பா, அப்பதான் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்” என்றான். தலைமைக் கப்பலைத் தொடக்கூடாதாம், கேப்டன் இருக்கிறாராம். மருத்துவக் கப்பல் பாவமாம். “தண்ணிக் கப்பல் ஓரமா வர்றதுதானே. உள்ள இருக்கிறவங்களுக்கு நாம பேர்கூட வைக்கல. யாருக்கும் வலிக்காது” என்றான்.

யாருக்கும் வலிக்காதாம்! அது போய்விட்டால் மற்றவர்கள் எதைக் குடிப்பார்கள், மூச்சுக்காற்றை எதிலிருந்து பிரிப்பார்கள், உன் கேப்டன் என்ன கண்ணீரையா குடிப்பார் என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நீ வேலை பார்க்கும் இன்ஜின் ரூம் இரைச்சலில் பேச முடியாமல் அங்கே எல்லோரும் கைச்சாடையிலேயே கிண்டலடித்துக்கொள்வார்கள் என்று நீ எழுதியபோது, “அண்ணே, பின்னிட்டீங்க” என்று குதித்தவனும் இவன்தான்.

உன் மேலும் கோபம்தான். “முடிவெடுக்க ஜவ்வா இழுக்குது, ஓட்டுப் போடாதவங்க சம்மதிச்சதா வெச்சுக்கலாம்” என்று விதி கொண்டுவந்தது யார்? நீதானே! இப்போது உன் கப்பலை அழிக்க விழுந்த ஓட்டில் உன் ஓட்டும் ஒன்று. உன் பெயருக்கு நேராகப் பச்சை டிக். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லாதவன் சரி என்று சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது?

குழுவை நடத்தும் டீச்சரிடம் போய்க் கத்தினேன். “கப்பலை உருவாக்கினவர் தன் வாயால வேணாம்னு சொன்னா நிறுத்திடலாம், அதுவரைக்கும் ஓட்டெடுப்பை மூடாம வைக்கிறேன்” என்றார். அப்புறம் தனியாக, “பாப்பா, இவ்வளவு கோவமும் கதைக் கப்பலுக்காகவா?” என்று கேட்டார். வேறு எதற்காம் என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவை நினைத்தால் இன்னும் எரிச்சல். “வீட்டுல கேஸ் தீர்ந்து கிடக்கு, இதுங்க ராக்கெட் விடுதுங்க” என்று நம்மைத் திட்டியவள், இப்போது சலவைக் கடையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், “உங்க கூட்டத்துல அவன் ஏதாவது எழுதினானா?” என்கிறாள். தினமும். உன் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணினால், “போற வழியில சிக்னல் இருக்காதும்மா” என்று மூன்று வாரமாக ஒரே பாட்டு. இன்றைக்கு அந்த ஆளையும் விடவில்லை. கப்பலுக்குள் இருப்பவர்களின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

அதனால் அண்ணா, சிக்னல் கிடைத்த உடனே குழுவுக்கு வந்து ‘வேண்டாம்’ என்று போடு. காரணமெல்லாம் எழுதாதே. உன் இன்ஜின் ரூம் ஆட்களையும் கூட்டி வா, ஆளுக்கு ஒன்று போடச் சொல். டைப் பண்ண முடியாவிட்டால் வெறும் புள்ளி ஒன்று வைத்தாலும் போதும், அம்மாவிடம் நான் படித்துக் காட்டிவிடுவேன். நீ வந்து சொல்லும் வரைக்கும் அந்தக் கப்பல் மேல் ஒருத்தனையும் கை வைக்க விடமாட்டேன். வந்து சொல்லு அண்ணா.

இப்படிக்கு,
உன் மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கும்
தங்கச்சி