ஏழு சொற்களில் ஒரு பூட்டு

3 நவம்பர் 2008, திங்கள்

விடியற்காலை முதல் தூறல். நேற்றைய கல்லறைத் திருநாள் மெழுகு வேட்டி ஓரத்தில். மனைவி பிலோமினா சுடுநீரில் ஊறவைத்திருக்கிறாள், போகாது என்கிறாள்.

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடித் திருகு. மறைக்கல்விப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். அலுவிகாரையில் படுக்கையில் கிடக்கும் சூசையைப் பார்த்துச் செபித்தல்.

காலை பத்துக்குக் கோயில் அலுவலகத்தில் கூட்டம். ஃபாதர் அனைவர் முன்னிலையிலும்: "சவிரிமுத்து ஐயா மட்டும் இல்லாட்டி நம்ம பதிவேடு சந்தி சிரிச்சிருக்கும்." கைதட்டல். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

சவிரிமுத்து. பெயரை முழுதாய் எழுதக் கை கூசுகிறது. இனி ச.மு.

முப்பத்தோர் ஆண்டுகள் இக்கோயிலின் உபதேசியார் நான். ஞானஸ்நானப் பதிவேட்டை வரி வரியாகக் கணினியில் ஏற்றியவனும் நான். ஆறு ஆண்டு உழைப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல் என் செபப்புத்தகத்துள் ஒரு சிறு அட்டையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் சான்று கேட்டு என் வாசலுக்கே வருவர். மழையில் நனைந்து நிற்பவர்களைப் பெஞ்சில் அமர்த்தி, தேநீர் கொடுத்து, அட்டையை எடுப்பேன். அது ஒரு திருப்பணி.

ச.மு. தபாற்கந்தோரில் தந்தி வாங்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் அட்டை செல்லாது என்றாகிவிட்டது.

4 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

ச.மு. அமைத்திருக்கும் பொறியைப் பற்றி எனக்காகக் குறித்துவைக்கிறேன், பிறரிடம் இரண்டாம் முறை கேட்க நேராதபடி.

கணினியில் படமோ பொத்தானோ இல்லாத கருந்திரை. அதில் கட்டளையைத் தட்டச்சிட வேண்டும். பொறிக்கு 'பெட்டகம்' என்று பெயர். அதனுடன் நான்கு ஏவல்கள்: செட் என்றால் இரகசியத்தை உள்ளே வைக்கும். கெட் என்றால் எடுத்துக் காட்டும். லிஸ்ட் என்றால் இரகசியங்களின் பெயர்களை மட்டும் சொல்லும், உள்ளடக்கத்தைச் சொல்லாது. ரன் என்றால் பதிவேட்டு நிரலை எழுப்பி, அதற்கு வேண்டிய கடவுச்சொல்லை அதன் காதில் மட்டும் ஓதும். நிரலை மூடினால் ஓதியதும் மறையும். 'சூழல் மாறி' என்பார்களாம். நிரல் உயிரோடிருக்கும் வரை அதைச் சூழ்ந்திருக்கும் காற்று என்று விளங்கிக்கொண்டேன்.

பதிவேட்டின் உண்மையான கடவுச்சொல்லைப் பெட்டகமே உண்டாக்கியதாம். எவருக்கும் தெரியாது. பெட்டகத்தைத் திறக்கத் தாய்ச்சொல் ஒன்று உண்டு, ஃபாதர், ச.மு., நான் ஆகிய மூவருக்கு மட்டும். அதைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது.

"கட்டளையோட சேத்து ரகசியத்த தட்டிறாதீங்க உபதேசியார்," என்றார் ச.மு. "மிசின் நெனவு வச்சுக்கும். மேல்நோக்கின அம்புக்குறிய அழுத்தினா யாருக்கும் காட்டிக் குடுத்துரும். அது கேக்கட்டும், அப்புறம் தட்டுங்க."

நல்ல ஏற்பாடு. எங்கும் ஓட்டை இல்லை. ஒரு குறை இருந்திருந்தால் இன்று நன்றாக உண்டிருப்பேன்.

மாலையில் கோயில் வாசலில் அவரை எதிர்கொண்டேன். காலையில் கட்டிய குறள் வெண்பா ஒன்றை, யாரையும் குறிக்காதது போல, சொல்லிக்காட்டினேன். கதவை அடைத்து நிதியை ஒளிப்பவர்க்கும், விதித்தவன் விழிமுன் எல்லாம் வெளி என்பது பொருள். சுருக்கென்று தைக்கும் என்று எண்ணினேன். ச.மு. விரல் மடக்கிக்கொண்டே கேட்டார். "ஏழு சொல்லு. தந்தியா இருந்தா சிக்கனம்." சிரித்துவிட்டுச் சைக்கிள் ஏறினார்.

ஏழு சொல்! ஓசை இல்லை, எதுகை இல்லை. அந்தச் செவிக்குக் கவியும் சரக்குக் கணக்கும் ஒன்று.

6 நவம்பர், வியாழன்

கடும் மழை. மாலைச் செபத்தில் நான் வாசிக்க வேண்டிய வேதப்பகுதி பொறாமையைப் பற்றியதாக அமைந்தது. சற்று வேகமாக வாசித்தேன்.

காலையில் ஒரு கிழவர் சான்று கேட்டு வந்தார். என் வாசலில் குடையை மடக்கியவர், "தந்திக்காரய்யா வீடு இதானுங்களா?" என்றார். வழி காட்டினேன். தேநீர் கொடுக்கவில்லை.

பிலோமினா: "ஏங்க, அந்த மனுசன் உங்க பேனாவயா புடுங்கிட்டாரு? மூஞ்சிய ஏன் இப்புடி வச்சிருக்கீங்க."

ச.மு. இன்று பிற்பகல் நாவுலையில் மகள் வீட்டுக்குப் போனார். செவ்வாய்தான் திரும்புவார். ஃபாதர் தோட்டங்களில் திருப்பலிக்கு. அலுவலகத்தில் நான் மட்டும்.

தாய்ச்சொல்லை மாற்றினேன்.

பழையது தெரிந்தவர் எவரும் மாற்றலாம்; பெட்டகமே கேட்டு மாற்றித் தரும். பாதுகாப்புக் கருதி என்று ஃபாதரிடம் சொல்ல வாக்கியமும் அமைத்துவைத்தேன். புதிய தாய்ச்சொல், செவ்வாய்க் குறளின் முதலடி. ச.மு.வின் காதருகே சொன்ன அதே அடி. அவருக்குத் தெரிந்திருந்தும் தெரியாதது. அதுதான் இனித்தது. பதிவேட்டில் பெயர்களை எழுதும் அதே ஆங்கில எழுத்து முறையில் இருமுறை தட்டினேன். வெண்பா எழுதிய துண்டுத்தாளை அடுப்பில் இட்டேன்.

செவ்வாயன்று அவர் வருவார். அட்டைக் காலத்தைப் போல என் வாசலில் நிற்பார். அமரச் சொல்வேன்.

8 நவம்பர், சனி

அலுவிகாரைக்குப் பஸ்ஸில். வழியில் இராணுவச் சோதனைச்சாவடி, எல்லோரும் இறங்கி அடையாள அட்டையை நெஞ்சருகே பிடித்தபடி வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் அட்டையில் படம் மங்கல். மூன்று கேள்வி, நான்கு கேள்வி. சிங்களத்தில் மெல்லிய குரலில் விடை சொன்னாள். விட்டார்கள்.

அந்த வரிசையில் நிற்கையில்தான் குறளில் ஓசை இடறுவது புலப்பட்டது. இரண்டாம் சீர் தளை தட்டுகிறது. இதையா வாய்விட்டுச் சொன்னேன்! வெட்கம். சூசையின் கட்டிலருகே செபிக்கும்போதும் சீர்களே நாவில். திரும்பும் பஸ்ஸில் அமைந்துவிட்டது:

கதவடைத்துக் காக்கும் கருவூலம் எல்லாம்
விதித்தோன் விழிமுன் வெளி.

மோனையும் வந்து சேர்ந்தது. பலமுறை சொல்லிப் பார்த்தேன். குற்றமில்லை.

கண்ணாடித் திருகு மறந்துவிட்டது.

10 நவம்பர், திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரை. மேல்தோட்டத்து மரியாயி, கொழுந்துப் பையை இறக்காமலே, அலுவலக வாசலில். மகள் ஸ்டெல்லா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை. அடையாள அட்டை இன்னும் வரவில்லை. நேற்றுத் தெருவில் பிடித்துப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா பேசிப் பார்த்ததில், பிறப்புக்கு ஏதேனும் சான்று மூன்று மணிக்குள் ஃபேக்ஸில் வந்தால் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"எந்த எடமுன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க உபதேசியாரய்யா," என்றாள். அழவில்லை. நெற்றியில் பைக்கயிறு அழுத்திய இடத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

ஸ்டெல்லாவின் பிறப்பை அரசாங்கத்தில் பதியவில்லை. கோயிலில் அவள் ஞானஸ்நான ஆண்டின் ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன் நான் கணினியில் ஏற்றிய வரி ஒன்றே மிச்சம். மரியாயியைப் பெஞ்சில் அமர்த்தினேன். கருந்திரை. பெட்டகம், ரன், பதிவேடு. தாய்ச்சொல் கேட்டது. தட்டினேன்.

தவறு என்றது.

மறுபடி, விரலுக்கு விரல் நிதானமாக. தவறு.

அப்போதுதான் உறைத்தது. நான் தட்டியது சனிக்கிழமை திருத்திய அடி. பூட்டியது வியாழக்கிழமை அடி. காக்கும் கருவூலம் வருமுன் அங்கே என்ன இருந்தது? ஒளிக்கும்? புதைக்கும்? பொன்னும் பொருளும்? பெருஞ்செல்வம்? ஒவ்வொன்றாய்த் தட்டினேன். தவறு, தவறு. நல்ல அடி நாவில் ஏறி அமர்ந்து பழையதை முற்றும் துடைத்திருந்தது. மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன். நான் இட்ட கட்டளைகள் மட்டுமே வந்தன. ச.மு. சொன்னபடியே, இரகசியத்தை அது நினைவில் வைக்கவில்லை. துண்டுத்தாள் அடுப்பில்.

பதினொன்றே முக்கால். "என்னங்கய்யா, மகளு பேரு இல்லீங்களா?" என்றாள் மரியாயி.

இருக்கிறது என்றேன். நாவுலைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ச.மு.விடம் சொன்னேன். மாற்றியதை, எதைக்கொண்டு மாற்றியதை, திருத்தியதை, மறந்ததை. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை; அவர் கேட்கவுமில்லை.

"செவ்வாக்கெழம கோயில் வாசல்ல சொன்னீங்களே, அதுவா?"

"அதுதான்."

"பென்சில் இருக்கா? எழுதிக்கோங்க. கதவடைத்து." நிறுத்தினார். நான் திருப்பிச் சொல்லும் வரை அடுத்ததைத் தரவில்லை. "மறைக்கும்." நிறுத்தம். "பெருநிதியம்." நிறுத்தம். "எல்லாம். மத்த மூணு சொல்லும் வேணுமா?"

வேண்டாம் என்றேன். தட்டினேன். திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு பதிவேடு திறந்தது.

ஸ்டெல்லா, தாய் மரியாயி, ஞானஸ்நானம், ஞானப்பெற்றோர், எல்லாம் என் கையால் ஏற்றிய வரி. ஒருமணிக்கு ஃபாதர் வந்தார். ஒப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். கடைத்தெருவில் ஃபேக்ஸ் இருக்கும் கடைக்கு மழையில் நடை. கடைக்காரர் முதல் முறை போகவில்லை என்று மறுபடி அனுப்பினார். இரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான்கரைக்கு வீட்டுக்கார அம்மாவின் அழைப்பு. விட்டுவிட்டார்களாம். மரியாயி அப்போதுதான் பையை இறக்கினாள்.

ஒரே முறை கேட்டிருக்கிறார். அதுவும் சைக்கிள் ஏறப்போகும் அவசரத்தில். என் கவியை, அதன் பிழையோடு, என்னைவிட ஒழுங்காக வைத்திருந்திருக்கிறார்.

11 நவம்பர், செவ்வாய்

விட்டுவிட்டு மழை. திருகு வாங்கியாயிற்று.

ச.மு. காலை பஸ்ஸில் வந்தார். நேராக அலுவலகத்துக்கு. ஃபாதர் அங்கிருந்தார், நேற்று வேளைக்குச் சான்று போனதற்கு அவரைப் புகழ்ந்தார். எல்லாம் அந்தப் பெட்டகத்தால் என்றார். ச.மு. என்னைப் பார்க்கவில்லை. "உபதேசியார்தான் தெறந்தாரு ஃபாதர்," என்றார். அவ்வளவே. தாய்ச்சொல் மாறியது ஃபாதருக்கு இன்னும் தெரியாது. நானே சொல்வேன், இவ்வாரத்துக்குள்.

காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். இப்போது அவருடைய நினைவாற்றலோடு இந்த மௌனமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் என்னிடம் இல்லை. நேற்று அந்த அழைப்பு வந்தபோது மகிழ்ந்தேன். இன்று மறுபடி அதே எரிச்சல். ஸ்டெல்லா வீடு சேர்ந்த பிறகும் இது போகவில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஃபாதர் போனபின் திருத்திய குறளை ச.மு.வுக்குச் சொன்னேன். விரல் மடக்கினார். "இதுவும் ஏழுதான். எனக்கென்னமோ முந்தினதுதான் புடிச்சிருந்துச்சு. ஏன் மாத்தினீங்க?" தளையைப் பற்றி விளக்கினேன். தலையசைத்தார், ஏறியதாகத் தெரியவில்லை.

தொலைபேசியில் சொன்ன சொல் இனிப் பூட்டுக்கு ஆகாதாம். புதிய தாய்ச்சொல் வேண்டும். நீங்களே வையுங்கள் என்றேன், உள்ளபடியே.

"எனக்கு அதெல்லாம் வராது. நீங்க ஒண்ணு பாடுங்க, நான் கேட்டு வச்சிக்கிறேன். ஃபாதருக்கும் நீங்களே சொல்லிருங்க."

புதிய குறளின் முதலடி சற்றுமுன் வந்துவிட்டது. இரண்டாம் சீரில் ஏதோ இடறுகிறது, பார்க்கப்போவதில்லை. மழை முழுதாக விடும்வரை காத்திருந்தால் திருத்தத் தொடங்கிவிடுவேன். ச.மு. வீட்டுக்குப் போக, பிலோமினாவிடம் குடை கேட்டிருக்கிறேன்.