நாற்பதாயிரம் லிட்டரைச் சரியாக அளந்த சரிதாவுக்கு மீண்டும் பணி வேண்டி

அனுப்புநர்
த. தெய்வநாயகி, க/பெ. தனபால்,
விசைத்தறித் தொழிலாளி,
செங்கரட்டுப்புதூர், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: குடிநீர்த் தொட்டியின் கொள்ளளவைத் திருத்தவும், பணிநீக்கம் செய்யப்பட்ட டேங்க் ஆபரேட்டர் சரிதாவை மீண்டும் நியமிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி செவ்வக வடிவமானது. நீளம் 5, அகலம் 4, உயரம் 3 மீட்டர், கொள்ளளவு 60,000 லிட்டர் என்று பலகையில் உள்ளது. ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் டேங்க் ஆபரேட்டர் சரிதா தினமும் 240 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து வந்தார்.

2. வாடை தாங்காமல் பலரும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினோம். சென்ற மே மாதம் என் மகள் பிரீத்தி உட்பட ஆறு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரே காரணம் என்றார் மருத்துவர். சரிதா மருந்தை அள்ளிக் கொட்டியதால்தான் கிணற்றுக்குப் போனோம் என்று ஊராட்சியில் புகார் கொடுத்தவள் நானே.

3. அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தொட்டி கழுவும் நாளில் டேப்புடன் உள்ளே இறங்கி அளந்தார். ஈரச் சேலையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, சுவத்துல தண்ணிக் கறை ரெண்டு மீட்டரோட நின்னு போச்சுங்க. அதுக்கு மேல வெறும் காத்துங்க. இத்தன நாளு காத்துக்கும் சேத்து மருந்து போட்டிருக்கேனுங்க" என்றார்.

4. உபரி நீர்க் குழாய் இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதற்கு மேல் நீர் நிற்பதில்லை. ஐந்து, நான்கு, இரண்டு பெருக்கினால் நாற்பது கன மீட்டர். கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் வீதம் நாற்பதாயிரம். மருந்து 160 கிராம் போதும். பள்ளியில் நானும் போட்ட கணக்குதான். உள்ளே இறங்கிப் பார்க்க அவருக்குத்தான் தோன்றியது.

5. இதை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தபின், கடைசித் தெருக் குழாய்வரை குளோரின் சோதித்தபடியே அளவைக் குறைத்தார். வாடை நின்றது. ஊரே குழாய்க்குத் திரும்பியது. ஒரு பிள்ளைக்கும் பிறகு நோவில்லை.

6. ஆயினும், பலகையில் உள்ளபடி மருந்து போடவில்லை என்று இம்மாதம் 4-ஆம் தேதி அவரை நீக்கிவிட்டார்கள். என் பழைய புகாரும் காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. இப்போது மறுபடி 240 கிராம். மறுபடி கிணறு.

என் புகாரை வெட்கத்துடன் திரும்பப் பெறுகிறேன். தொட்டியை அளக்க ஆணையிட்டு, சரிதாவை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டுகிறேன். நாளை எங்கள் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்பது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

இடம்: செங்கரட்டுப்புதூர்
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
த. தெய்வநாயகி